கரண்ட் எங்கே அறுந்தது? புயல்கால மின்தடை குறித்து ஓர் எளிய விளக்கம்

எந்தப் புயலுக்குப் பிறகும், எந்த ஊர் லைன்மேனிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எதிர்சாரிக்கு வந்திருச்சே தம்பி, எங்க சாரிக்கு மட்டும் ஏன் வரல?" கேட்பவர் குரலில் பாதி சந்தேகம்தான் இருக்கும். எதிர்வீட்டுக்காரருக்கு ஆபீசில் யாரையோ தெரியும் என்று ஒரு நினைப்பு.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தேன். பத்து நாள் கழித்து அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். கம்பத்தின் உச்சியில் இருந்தவருக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. அதற்கப்புறம் விசாரித்தும் படித்தும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மின்துறையில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

"கரண்ட் போச்சு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது எங்கே போனது என்பது ஊருக்கு ஊர் மாறும். டெல்டாவில் ஓரிடத்தில் அறுபடும், சென்னையில் வேறிடத்தில், ஊட்டியில் இன்னோரிடத்தில், அமெரிக்காவின் டெக்சாஸில் நாம் நினைத்தே பார்க்காத இடத்தில். எங்கே அறுந்தது என்று தெரிந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

மேட்டூரிலிருந்து மடை வரை

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், காவிரிப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் போதும். மேட்டூரில் திறக்கிறார்கள். தண்ணீர் ஆற்றில் வந்து, கல்லணையில் பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்காலில் நுழைந்து, கடைசியில் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது.

மின்சாரத்துக்கு அணை என்பது மின்நிலையம். ஆறு என்பது வயல்வெளிகளுக்கு மேலே ராட்சத இரும்புக் கோபுரங்களில் போகும் கம்பிகள். அவற்றில் 4 லட்சம், 2 லட்சத்து 30 ஆயிரம், 1 லட்சத்து 10 ஆயிரம் வோல்ட் என்று மின்சாரம் ஓடும். கல்லணை மாதிரிப் பிரித்துவிடும் இடம் சப்-ஸ்டேஷன். அங்கிருந்து சாலையோரக் கம்பங்களில் 11,000 அல்லது 22,000 வோல்ட்டில் கிளம்புவது ஃபீடர், ஈ.பி.காரர்கள் எச்.டி. (உயர் அழுத்த) லைன் என்பார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து எல்.டி. (தாழ்வழுத்த) லைனில் விடுகிறது. அந்த எல்.டி. லைனில் மின்சாரம் கொண்டுவரும் கம்பி மூன்று, அவை பேஸ்; திரும்பிப் போகும் கம்பி ஒன்று, அது நியூட்ரல். அதில் ஒரு பேஸும் நியூட்ரலும் நம் வீட்டுக்குள் 230 வோல்ட்டாக வருகின்றன. நாமெல்லாம் கடைமடை.

வயல் மடை அடைத்துக்கொண்டால் ஒருவருடைய வயல்தான் காயும். கிளை வாய்க்கால் உடைந்தால் ஒரு கிராமம் காயும். ஆற்றங்கரையே உடைந்தால் ஒரு தாலுகா. மின்சாரத்துக்கும் அதே கணக்குத்தான். உங்கள் வீட்டு பியூஸ் போனால் உங்களுக்கு மட்டும் இருட்டு. டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸின் பியூஸ் போனால் அந்தப் பேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருட்டு. எதிர்சாரி மர்மத்தின் விடை பெரும்பாலும் இதுதான். தெருவின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பேஸிலோ வெவ்வேறு டிரான்ஸ்பார்மரிலோ இருக்கும். எங்கள் தெருவிலும் அப்படித்தான். எதிர்சாரி பஞ்சாயத்து ஆபீஸ் டிரான்ஸ்பார்மர், நாங்கள் ரைஸ்மில் டிரான்ஸ்பார்மர். இருபத்தைந்து வருடம் அந்தத் தெருவில் வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது.

பழுது பார்ப்பதும் மேலிருந்து கீழேதான் வரும். ஆற்றில் தண்ணீர் வராமல் மடையைச் சரிசெய்து என்ன பயன்? முதலில் கோபுர லைன், அடுத்து சப்-ஸ்டேஷன், பிறகு ஆஸ்பத்திரிக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போகும் ஃபீடர்கள், அதன்பின் ஊர்கள், கடைசியில் வயலுக்கு நடுவே தனியாக இருக்கும் வீடுகள். தனிவீட்டுக்காரர் கடைசியில் நிற்பதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். ஒரு ஃபீடரைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் வரும். ஒற்றை வீட்டுக்கு ஐந்து கம்பம் நட்டால் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வரும்.

இருட்டியதும் மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். பக்கத்துத் தெருவில் வெளிச்சம் இருந்தால் பழுது உங்கள் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கிறது, சில மணி நேரத்திலிருந்து இரண்டொரு நாள் ஆகலாம். ஊரே இருண்டு தொலைவில் அடுத்த ஊர் மினுங்கினால் ஃபீடரோ சப்-ஸ்டேஷனோ. நான்கு திசையிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லையென்றால் வாரக்கணக்கில் யோசிக்கத் தொடங்குங்கள். கஜா அன்று இரவு நாங்கள் பார்த்தது அந்தக் கடைசிக் காட்சி.

காற்று என்ன செய்கிறது

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் தென்னை, 120 கிலோமீட்டரில் இரண்டு மடங்கு சுமையைச் சுமப்பதில்லை, நான்கு மடங்கைச் சுமக்கிறது. "போன புயலுக்கே ஒண்ணும் ஆகல" என்ற நம்பிக்கை பொய்த்துப்போவது இந்தக் கணக்கில்தான்.

கம்பத்தைக் காற்று நேரடியாகச் சாய்ப்பதும் உண்டு. ஆனால் அதிகமாக நடப்பது, மரம் கம்பியில் விழுவது. கம்பி அறுந்தால் ஓரளவு நல்லது. அறாமல் நின்றால் அது இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் இழுக்கும். ஈர மண்ணில் நிற்கும் கம்பம் சாயும், அது அடுத்ததை இழுக்கும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை நான்கு மாவட்டங்களிலும் தென்னந்தோப்பும் எச்.டி. லைனும் ஒட்டியே கிடந்தது இதற்கு ஒரு பெரிய காரணம்.

கம்பங்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தன. ஆட்களும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். ஆனால் கம்பம் நட வேண்டிய இடம் சம்பா வயல். முழங்கால் அளவு சேறு. கிரேன் வரப்பில் இறங்காது. வடக்கயிற்றில் கம்பத்தைக் கட்டி, கழிகளைத் தோளில் வைத்து, பத்துப் பன்னிரண்டு பேர் ஏலேலோ போட்டுக்கொண்டு தூக்கிப்போனதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். ஒரு கம்பத்தை ஒரு வயலைத் தாண்டி வைக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த வரிசையில் இன்னும் எத்தனை கம்பம் பாக்கி என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன்.

ஊருக்கு ஊர் வேறு

சென்னையில் கதை மாறுகிறது. நகரின் உள்பகுதிகளில் கம்பிகள் பெரும்பாலும் தரைக்கு அடியில் கேபிளாகப் போகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது கம்பத்தில் கம்பி ஓடிய புறநகர்கள்தான் அதிகம் தவித்தன. சரி, எல்லாவற்றையும் புதைத்துவிட்டால் தீர்ந்ததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அதில் காற்றைவிட மழைதான் பிரச்சினை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. கேபிளிலிருந்து வீடுகளுக்குப் பிரித்துவிடும் தெருவோரத்து இரும்புப் பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ், இடுப்பளவு தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது கரண்ட் விட்டால் தெருவில் நடப்பவர் செத்துப்போவார். ஆகவே கம்பி அறாமலே, பழுது இல்லாமலே, தண்ணீர் வடியும்வரை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி மின்தடையில் லைன்மேனைத் திட்டிப் பயனில்லை, வடிகாலைத்தான் கேட்க வேண்டும். கேபிளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கம்பத்தில் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் அறுந்ததைக் கருவி வைத்துத் தேடி, தோண்டி, உலர்த்தி, இணைக்க வேண்டும். போடுகிற செலவும் பல மடங்கு.

நீலகிரியில் புயலே வரத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. மலையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கம்பியில் விழும், அதே மழையில் மண் சரிந்து சாலையும் போகும். கம்பம் தயார், ஆள் தயார், போய்ச்சேர வழி இல்லை. மலைவாசிகளின் காத்திருப்பு பெரும்பாலும் பொக்லைனுக்கான காத்திருப்பு.

கடல் கடந்தால் இன்னும் விசித்திரம். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியது. அங்கே பெரிய மின்நிலையங்கள் பல தெற்குக் கரையில். மக்கள் அதிகம் வாழும் தலைநகர் சான் ஹுவான் வடக்குக் கரையில். நடுவில் மலைத்தொடர், அதன் மேல் கோபுர லைன். அந்த லைன் போனால் ஆறே உடைந்த கதை. தீவு முழுக்க இருண்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பச் சுமார் பதினோரு மாதம் ஆனது. உயிரிழப்பு 64 என்று முதலில் சொன்ன அரசு, பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வை ஏற்று 2,975 என்று திருத்தியது. காற்றில் இறந்தவர்களின் எண்ணிக்கை அது அல்ல. பின்வந்த மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்களும் அதில் சேர்த்தி. ஆக்சிஜன் கருவி ஓடவில்லை, டயாலிசிஸ் நடக்கவில்லை, மருந்தைக் குளிரில் வைக்க வழியில்லை. புயல் ஒரு நாள் கொன்றது, இருட்டு பல மாதம் கொன்றது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் காற்று பெரிதாக அடிக்கவே இல்லை. மழை பெய்தது, அவ்வளவுதான். ஆனால் விழுந்த துளி கம்பியைத் தொட்டவுடன் உறைந்தது. ஐந்தாறு நாள் விடாமல் பெய்து, கம்பி மேல் பனிக்கட்டி ஏறிக்கொண்டே போய், அந்த எடை தாங்காமல் இரும்புக் கோபுரங்கள் வரிசையாக மடங்கின. ஏறத்தாழ 14 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, சிலருக்கு ஒரு மாதம்வரை. மான்ட்ரியல் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே கரண்ட் போய், குழாய்த் தண்ணீர் நிற்கும் நிலை வந்தது.

டெக்சாஸ்தான் எனக்கு ஆச்சரியமானது. ஹூஸ்டனிலும் டாலஸிலும் இருக்கும் தமிழர்கள் இதை இன்றும் பேசுவார்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் அங்கே முக்கியமாக அறுந்தது கம்பி அல்ல, உற்பத்தி. அணையே வற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்து, மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இந்த இடத்தில் பாசன உதாரணம் ஓரளவு கைவிட்டுவிடுகிறது. தண்ணீரை ஏரியில் தேக்கலாம். மின்கட்டமைப்பிலோ பெரும்பகுதியைத் தேக்க முடியாது. இந்த நொடி செலவாவதை இந்த நொடியே உற்பத்தி செய்தாக வேண்டும். செலவு மிஞ்சினால் மின்நிலையச் சக்கரங்களின் வேகம் குறையும். அதைக் காட்டும் அளவு ஹெர்ட்ஸ். நமக்கு 50, அமெரிக்காவில் 60. டெக்சாஸில் அன்று 59.4-க்கும் கீழே போய் நான்கு நிமிடத்துக்கு மேல் நின்றது. ஒன்பது நிமிடம் நின்றிருந்தால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும். பிறகு மாநிலம் முழுக்க இருண்டு, மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். 4 நிமிடம் 37 நொடி மிச்சம் இருந்தது. அதைத் தடுக்கத்தான் லட்சக்கணக்கான வீடுகளின் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். டெக்சாஸின் கட்டமைப்பு மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணையாதது என்பதால் வெளியிலிருந்து வாங்கவும் வழியில்லை. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். வீட்டைச் சூடாக்கக் காரை மூடிய கராஜில் ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி அடுப்பு வைத்தும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்குப் பலியானவர்களும் அதில் அடக்கம்.

முதலில் தீர்வது தண்ணீர்

நாம் மின்தடைக்குத் தயாராவது என்றால் மெழுகுவத்தி வாங்குகிறோம். கஜாவுக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டிலும் இரண்டு பாக்கெட் வாங்கினோம். மூன்றாம் நாள் பாதி மிச்சம் இருந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாது. பஞ்சாயத்துத் தொட்டிக்கு நீர் ஏற்றவும் கரண்ட் வேண்டும். போர் போட்ட பிறகு ஊரில் அடிபம்பை யாரும் தொடவில்லை, கைப்பிடி துருவேறிக் கிடந்தது. என் சித்தப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் மாதிரி போட்டு அதைக் கறக்கவைத்தார். தெருவே குடத்தோடு வந்து நின்றது. அப்புறம் பஞ்சாயத்திலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டிராக்டரில் ஏற்றி, தெருத்தெருவாகத் தொட்டி நிரப்பினார்கள்.

கணக்குப் போட்டால் ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, கழுவ, கழிப்பறைக்கு என்று இறுக்கிப் பிடித்தாலும் நாளுக்கு 15 லிட்டர். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு ஐந்து நாளுக்கு 300 லிட்டர். மாடித் தொட்டி நிறைந்திருந்தாலே போதும். ஆனால் அது நிறைந்திருக்க வேண்டும். ஆரஞ்சு, ரெட் எச்சரிக்கை வந்த அன்று காலையே மோட்டார் போடுங்கள். காற்று தொடங்குவதற்கு முன்னால் பாதுகாப்புக்காக ஈ.பி.யிலேயே கரண்டை நிறுத்துவது வழக்கம், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான். தொட்டி நிறைந்திருப்பதில் இன்னொரு லாபம், அது காற்றில் உருண்டு போகாது. வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம்.

கோடை, குளிர் வித்தியாசத்தையும் யோசிக்க வேண்டும். நம் வடகிழக்குப் பருவமழைக்கால இரவில் ஃபேன் இல்லாமல் கொசுவோடு சமாளித்துவிடலாம். 2019 மே 3 அன்று ஃபானி ஒடிசாவின் பூரியில் கரையேறியது மே மாத வெக்கையில். அந்த நாட்களில் ஃபேன் இல்லாத வீட்டில் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் வெப்பமே ஆபத்து. கியூபெக்கில் அதே மின்தடைக்குக் குளிரே ஆபத்து. வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்துக் கம்பளி வாங்கச் சொல்லும் கட்டுரைகளைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் எல்லா ஊருக்கும் ஒரே விதி. திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பது நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. எட்டிப் பார்க்கத் திறப்பதுதான் கெடுதல். பாலும் கறியும் முதலில் தீர வேண்டியவை. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் ஃபிரிட்ஜ் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் இருந்தால் புயலுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக, பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் வெயில் படாத அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், மருந்துக்கு மருந்து இது மாறும். ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைப்பது நம் வெக்கைக்கு நல்ல உபாயம். ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்து உறையவைத்தால் மருந்து கெட்டுவிடும்.

இன்வர்ட்டர் எத்தனை நேரம் வரும்

"இன்வர்ட்டர் இருக்கு, பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வீடுகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-அவர். முழுக்க வடிக்கக்கூடாது, இடையில் இழப்பும் உண்டு. கைக்கு வருவது 1,200 என்று வையுங்கள். பழைய ஃபேன் 75 வாட், எல்.இ.டி. பல்பு இரண்டு 18 வாட், ஆக 93. பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே இடத்தில் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் 25 மணி நேரம் வரும். வழக்கமான பவர்கட்டுக்கு இது தாராளம். கஜா மாதிரிக்கு இது ஒரு நாள், அவ்வளவுதான். முதல் இரவிலேயே ஓடவிட்டுத் தீர்க்காமல், செல்போனுக்கும் ஒரு பல்புக்கும் என்று வைத்துக்கொண்டால் நாட்களை நீட்டலாம்.

மாடியில் சோலார் போட்டவர்கள் பலருக்குப் புயலன்றுதான் ஒன்று தெரியவரும். பேட்டரி இல்லாத, ஈ.பி. லைனோடு சேர்த்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஒரு பல்பு எரியாது. கோளாறு என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

செல்போன் டவருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான், அதன்பின் டீசல் வந்தால் உண்டு. சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது போன் பேச முயன்று சார்ஜைத் தீர்க்காமல் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். எங்கள் ஊரில் டிராக்டர் பேட்டரியில் ஒயர் மாட்டித் தெருவுக்கே சார்ஜ் போட்டுக் கொடுத்தார் ஒருவர். பட்டன் போன் வைத்திருந்த தாத்தாக்கள்தான் அந்த வாரத்தில் ஊரின் தொலைத்தொடர்பு.

உயிர் போகும் இடங்கள்

இந்தப் பகுதியைத் தாவிவிட வேண்டாம்.

லைன்மேன் கம்பம் ஏறும் முன் சப்-ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்திவைப்பார். அதற்கு எல்.சி. வாங்குவது என்று பெயர். லைன் செத்துவிட்டது என்று உறுதி செய்து, எர்த் போட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அதே நேரத்தில் யாரோ ஒருவர் வாடகை ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயின்ட்டில் குத்தி வீடு முழுக்க ஓட்டிப் பார்க்கிறார் என்று வையுங்கள். மெயின் ஸ்விட்சை அணைக்கவில்லை. அந்த 230 வோல்ட் வீட்டிலிருந்து வெளியேறி, டிரான்ஸ்பார்மருக்குப் பின்வாசல் வழியாகப் போகும். கரண்ட் அந்தப் பக்கமிருந்து வந்தால் டிரான்ஸ்பார்மர் குறைக்காது, ஏற்றும். எச்.டி. லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கம்பத்தில் இருப்பவர் கையில் அந்தக் கம்பி இருக்கும். புயலைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவதாக எங்கள் ஊருக்கு வந்த வெளிமாவட்ட லைன்மேன் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார். பேட்டரி இல்லாத சோலார் தானாக நிற்பதும் அவருக்காகத்தான். ஜெனரேட்டர் போட்டால், ஈ.பி. லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்துப் போடுங்கள். இல்லையென்றால் மோட்டார், ஃபிரிட்ஜ் என்று தேவையானதை நேரடியாக ஜெனரேட்டரில் மாட்டுங்கள், சுவர் பாயின்ட்டில் குத்தாதீர்கள்.

ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு விழிப்பே இல்லை. ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். சத்தத்துக்காக ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துபவர்களும் இருக்கிறார்கள்.

அறுந்து கிடக்கும் கம்பி அமைதியாகத்தான் கிடக்கும், பொறி பறக்க வேண்டும் என்று இல்லை. அது தரையைத் தொட்ட இடத்தில் வோல்டேஜ் அதிகம், விலக விலகக் குறையும். அதன் அருகே நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகி, மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்கும். மாடுகள் இதில் அதிகம் சாவதன் காரணம் அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள தூரம். வித்தியாசமும் அதிகம், மின்சாரம் போகும் வழியில் இதயமும் இருக்கிறது. பத்து மீட்டராவது விலகி நில்லுங்கள். அருகே மாட்டிக்கொண்டால் காலை எட்டி வைக்காமல், இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்துத் தேய்த்தபடி நகருங்கள். செத்த மாட்டை இழுக்கப் போய் மனிதர் விழுவதும் நடக்கிறது.

இன்னொன்று, புயலின் கண். நடுப்புயல் உங்கள் ஊர் வழியே போனால் திடீரென்று காற்று நின்று, வானம் வெளுக்கும். ஆட்கள் வெளியே வந்து விழுந்த மரத்தைப் படம் எடுப்பார்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும், முதல் அடியில் அசைந்து நின்றவை இரண்டாவதில் விழும். மழை விடாமல் காற்று மட்டும் சட்டென்று நின்றாலும் சந்தேகப்படுங்கள். வானொலியில் "புயல் முழுமையாகக் கரையைக் கடந்தது" என்று கேட்கும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் மின்புகாருக்கு மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில அளவில் 1070. கூப்பிடும்போது "எங்க தெருவுல கரண்ட் இல்ல" என்பதோடு நிறுத்தாமல் டிரான்ஸ்பார்மரில் பெயிண்டால் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் சொன்னால் தேடும் நேரம் மிச்சம். நான் இப்போது எங்கள் ரைஸ்மில் டிரான்ஸ்பார்மரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது பிள்ளைகள் கத்திய சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. அதே நிமிடத்தில் மூன்று வீட்டு டி.வி. புகைந்தது. அவசரத்தில் இழுத்துக் கட்டிய லைனில் நியூட்ரல் கம்பி சரியாக இணையாமல் போயிருக்கிறது. நியூட்ரல் விட்டுப்போனால் வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகளுக்கு இடையே வோல்டேஜ் சமமாகப் பிரியாது. சுமை குறைந்த வீட்டில் வோல்டேஜ் 300-ஐயும் தாண்டி ஏறும், சுமை அதிகமான வீட்டில் பல்பு மினுக்கு மினுக்கென்று மங்கும்.

அதனால் புயலுக்கு முன்பே எல்லா பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். மெயினையும் அணைத்துவிட்டு, கரண்ட் வந்துவிட்டது என்று யாராவது சொன்ன பிறகு போடுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் ஏறியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் முதலில் ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கண் கூசும் அளவுக்குப் பளீரென்று எரிந்தாலோ, அகல் விளக்கு மாதிரி மங்கினாலோ உடனே மெயினை இறக்கிவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். சீராக எரிந்தால் ஃபேன், பிறகு ஃபிரிட்ஜ். மோட்டாரைக் கடைசியில் போடுங்கள், தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைப் போட்டால் டிரான்ஸ்பார்மர் பியூஸ் மறுபடி போகும்.